யோங்கலா கப்பலும் கடல் நீரோட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் படிக்கும் என் மகன், ‘யோங்கலா’ என்ற மூழ்கிய கப்பலை ஸ்கூபா முறையில் இறங்கிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறான். முதல் நிலைச் சான்றிதழ் மட்டுமே வைத்திருக்கிறான். அங்கே நீவாடு (கடல் நீரோட்டம்) பலம் என்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அனுப்பலாம், ஆனால் இந்த விடுமுறையிலேயே போக வேண்டுமா என்பதை, நீரோட்டமுள்ள இடத்தில் அவர் முன்பு இறங்கியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தக் கப்பலின் மேற்பகுதி சுமார் 15 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கிறது. முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான் பொருந்தும் என்பதால், அவர் மேல்விளிம்பை ஒட்டி, வழிகாட்டி ஒருவருடன் நீந்திவிட்டு வர வேண்டியிருக்கும்.

என் கணிப்பில் ஆழத்தைவிட நீரோட்டமே பெரிய கவலை. பவளத்திட்டுகள் ஏதும் மறைக்காத திறந்த கடலில், மணல்வெளி நடுவே அந்தக் கப்பல் கிடக்கிறது. ஒரு நாட் வேக நீரோட்டம் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்தான், பூங்காவில் நடக்கும் முதியவர்கூட அதைவிட விரைவாக நடப்பார். ஆனால் சிலிண்டரும் பிற கருவிகளும் சுமந்திருக்கும் ஒருவரால் அந்த வேகத்தை எதிர்த்து வெகுநேரம் நீந்த முடியாது. முயன்றால் மூச்சு வாங்கும். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்காக இருப்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப்போல் மூன்று மடங்கு காற்று செலவாகும். அதோடு உடலில் கரியமில வாயு சேர்ந்து, சிலிண்டரில் காற்று இருக்கும்போதே மூச்சுத் திணறுவதாகத் தோன்றும். பதற்றம் அங்கேதான் பிறக்கிறது. பதறியவர் வேகமாக மேலே எழும்பினால் நுரையீரலுக்கே ஆபத்து.

கேள்வி: அப்படியானால் அனுபவசாலிகள் அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்காமல்தான். அங்கே படகுகள் கட்டுவதற்கென்றே நிலையான மிதவைகள் இருக்கின்றன. படகின் பக்கவாட்டில் நீளும் கயிற்றைப் பிடித்தபடி மிதவைக்குச் சென்று, அங்கிருந்து கீழே செல்லும் கயிற்றை விடாமல் இறங்குவார்கள். பொதுவாக நீரோட்டம் மேற்பரப்பில் மிகுந்தும் அடியில் குறைந்தும் இருக்கும் என்பதால், கப்பலை அடைந்ததும் அதன் உடற்பகுதி மறைக்கும் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டால் இளைப்பாற முடியும். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகச் சென்று, திரும்பும்போது அதன் போக்கில் வருவது பழைய விதி. வேகம் மிகுந்த நாளில், சிலிண்டரில் வழக்கத்தைவிட அதிகக் காற்று மிஞ்சியிருக்கும்போதே திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கும்போதும் கயிற்றைப் பிடித்துக் காற்றில் பறக்கும் கொடிபோலத்தான் தொங்க நேரிடும்.

கயிறு கைநழுவிப்போனால் அதைத் துரத்தக்கூடாது. நிறத்தால் தெளிவாகத் தெரியும் காற்று மிதவையை மேலே அனுப்பிவிட்டு, நீரோட்டம் இழுக்கும் போக்கிலேயே நிதானமாக எழுந்தால், படகு தேடி வரும். இப்படி நடக்கக்கூடும் என்று படகோட்டியிடம் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இந்தக் காற்று மிதவையும், அதை நீருக்கடியில் பயன்படுத்திப் பழகிய கைகளும் இல்லாத யாரையும் அங்கே இறக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்த நீரோட்டம் சுமந்துவரும் நுண்ணுயிர்களை உண்டுதான் கப்பலின்மேல் மென்பவளங்கள் தழைக்கின்றன. மாபெரும் களவா மீன்கள், திருக்கைகள், கடல் பாம்புகள், ஆமைகள் எல்லாம் அங்கே திரள்வதற்கும், சுற்றிலும் மணலாக இருக்கும் இடத்தில் அது ஒன்றே ஒதுங்குமிடமாக இருப்பதுதான் காரணம்.

கேள்வி: யோங்கலா எப்படி மூழ்கியது? உள்ளே நுழைந்து பார்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நுழைய அனுமதி இல்லை. 1911 மார்ச் 23 அன்று மக்காய் துறைமுகத்திலிருந்து வடக்கே புறப்பட்ட இந்தப் பயணிகள் கப்பல், புயலில் சிக்கி 122 பேருடன் மறைந்தது. புயல் எச்சரிக்கை மக்காய்க்கு வந்து சேர்ந்தபோது கப்பல் புறப்பட்டுவிட்டிருந்தது. கப்பலில் கம்பியில்லாத் தந்தி வசதியும் இல்லை. ஒருவரும் உயிர் தப்பவில்லை. கரை ஒதுங்கிய ஒரே உடல் ‘மூன்ஷைன்’ என்ற பந்தயக் குதிரையுடையதுதான். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1958-இல் இறங்கியவர்கள் எடுத்துவந்த இரும்புப் பெட்டகத்தின் எண்ணைக் கொண்டு கப்பல் எதுவென்று உறுதி செய்யப்பட்டது. மனித எலும்புகள் உள்ள இடம் என்பதால் அதை அடக்கத்தலமாகவே அந்நாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது. துருப்பிடித்த இரும்புக் கூரையின் அடியில் நாம் விடும் காற்றுக் குமிழிகள் தேங்கினால் அரிப்பு விரைவுபடும் என்பதும் தடைக்கு ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடலில் இருக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கும் இதே பயிற்சி போதுமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: போதாது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்காக இறங்குவோருக்கு 40 மீட்டரே எல்லை. மேலே வரும்போது வெவ்வேறு ஆழங்களில் படிப்படியாக நின்று எழுவதற்கும், கலப்பு வாயுக்களைக் கையாளுவதற்கும் தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கே அது உரியது. அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல், பாசிக்குடாவை அடுத்த கடலில் ஆழம் குறைந்த இடத்தில் இருக்கிறது; உங்கள் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், உள்ளூர்ப் பயிற்சியாளருடன் அதிலிருந்து தொடங்குங்கள்.