டிராகுலாவுக்கு முன்பே பெண் ரத்தக்காட்டேரி காதல் கதைகள் உண்டா?

உண்டு, நன்றாகவே முன்னால். டிராகுலா நாவல் வந்தது 1897-இல். பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே 1836-லேயே 'லா மோர்த் அமூரூஸ்' (La Morte amoureuse) கதையில் கிளாரிமோந்த் என்ற ரத்தக்காட்டேரியை நாயகியாக்கிவிட்டார். பாதிரியாராகக் குருப்பட்டம் பெறும் நாளன்றே கதையின் நாயகன் ரோமுவால்ட் அவளைப் பார்த்துத் தடுமாறுகிறான். பிறகு ஓர் இரவு, அவன் தூங்கிவிட்டதாக நினைத்து, தங்க ஊசியால் கையில் குத்திச் சில சொட்டு ரத்தம் மட்டும் குடிக்கிறாள். அப்புறம் மருந்து தடவிக் கட்டும் போடுகிறாள். அவன் செத்துவிடக் கூடாதே என்ற கவலை! (அவனோ தூங்குவதுபோல் நடித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.)

ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானுவின் கார்மில்லா என்ற பெண் ரத்தக்காட்டேரிக் கதையும் 1872-இல் நூலாக வந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில், இரண்டு பெண்களுக்கிடையே நடப்பது. அதில் பயம்தான் தூக்கல். காதல்தான் வேண்டுமென்றால் கோத்தியேயிடம் தொடங்குங்கள். சின்னக் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.