பெயரில் ஒரு எழுத்து, நோன்பில் ஒரு பறப்பு: விமானி படிக்க வெளிநாடு போகும் நம் பிள்ளைகளின் கேள்விகள்

நான் சாய்ந்தமருது ஊர்க்காரன். அமெரிக்காவின் புளோரிடாவில் பயிற்சி எடுத்து வணிக விமானி உரிமம் பெற்றவன். கல்முனையில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலதுக்கு இங்கே பதில்.

காக்கா (அண்ணா), முஸ்லிம் பெயர் என்றால் அமெரிக்காவில் பறக்கப் படிக்க விடமாட்டார்களாமே? (உயர்தர மாணவர், காத்தான்குடி)

விடுகிறார்கள் தம்பி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவர்களில் சிலர் அங்கேயே பறக்கப் படித்தவர்கள். அதனால் இப்போது வெளிநாட்டு மாணவர் எந்த மதத்தவரானாலும், பயிற்சி தொடங்குமுன் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். கைரேகையும் எடுப்பார்கள். விசா வேறு, இது வேறு.

நம்மவர்கள் மாட்டுவது எழுத்துக்கூட்டலில்தான். பிறப்புச் சான்றிதழில் முகம்மதுக்கு ஒரு 'எம்', கடவுச்சீட்டில் இரண்டு, பாடசாலைச் சான்றிதழில் வெறும் முதலெழுத்து. எனக்கு அந்த ஒரு எழுத்தால் மூன்று வாரம் போனது. இன்னொன்று, நாம் வாப்பாவின் பெயரை முன்னால் போடுகிறோம், அவர்கள் முன்னால் இருப்பதைத்தான் சொந்தப் பெயர் என்று எடுக்கிறார்கள். என் வகுப்பில் நான்கு 'முகம்மது' இருந்தோம், கூப்பிட்டால் நான்கு பேரும் திரும்புவோம். விண்ணப்பிக்குமுன் எல்லா ஆவணங்களையும் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள்.

தம்பி, என் மகன் நோன்பை விடமாட்டான். பிடித்துக்கொண்டே பறக்கலாமா? (ஒரு தாய், ஏறாவூர்)

ராத்தா, இதுதான் உண்மையில் கஷ்டமான கேள்வி. ஏறுமுன் விமானி தன்னையே ஆறு விஷயம் கேட்க வேண்டும்: நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணவு. மது நமக்குப் பிரச்சினை இல்லை. கடைசி இரண்டில்தான் மாட்டுவோம்.

2018இல் நோன்பு மே நடுவில் வந்தது. புளோரிடாவில் ஏறத்தாழ 15 மணி நேரம், ஊரை விட ஒரு மணி நேரம் கூட. பயிற்சி விமானம் சின்னது, ஏசி கிடையாது, கண்ணாடி வழியாக வெயில் நேரே மடியில் விழும். ஒரு நாள் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பறந்தேன். தாகம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்ன உயரத்தைத் தவறாகத் திருப்பிச் சொன்னேன், இரண்டு முறை. பயிற்றுவிப்பாளர் பேசாமல் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்தார். நீர் குறையும்போது நாக்கு வறளுமுன் புத்தி மந்தமாகிவிடுகிறது.

அன்றைக்கே அவரிடம் எல்லாம் சொன்னேன். பறப்பை சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பின்னாலேயே வைத்தார், பிற்பகலில் வகுப்பறைப் பாடம். நீண்ட தனிப்பறப்பு நாட்களில் நோன்பை விட்டு, பிறகு வேறு நாட்களில் பிடித்துக் கழாச் செய்தேன்.

பயணிக்கும் நோயாளிக்கும் சலுகை உண்டென்று பகரா சூரா 185ஆம் வசனம் சொல்கிறது. ஆனால் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் நான்கு நாளுக்கு மேல் தங்க நிய்யத் (எண்ணம்) வைத்தவர் பயணி அல்ல. வருடக்கணக்கில் தங்கும் மாணவன் அந்த ஊரில் பயணி ஆகமாட்டான். ஆனால் வணிக உரிமத்துக்கான நீண்ட பறப்பு 300 கடல் மைல், சுமார் 555 கிலோமீட்டர். பயணி ஆவதற்குச் சொல்லும் 81 கிலோமீட்டர் தூரத்தை அது எப்போதோ தாண்டிவிடும். சுபஹுக்கு முன்பே புறப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதனால் போகுமுன் ஒரு மௌலவியிடம் கேளுங்கள். வெறுமனே 'பறக்கிறான்' என்று சொல்லாமல், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், தனியாகவா என்றெல்லாம் விளக்குங்கள்.

தொழுகை? (மாணவர், ஓட்டமாவடி)

பறப்புகளுக்கு இடையில் நேரம் கிடைக்கும். யாரும் தடுக்கவில்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும். விமானத் துறையில் எல்லாம் உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள், தொழுகை வக்து (நேரம்) உள்ளூர்ச் சூரியனோடு போகும். முதல் மாதம் குழம்பத்தான் செய்யும்.

ஹிஜாபோடு ஹெட்செட் போடலாமா? (மாணவி, நிந்தவூர்)

போடலாம் தங்கச்சி. மெல்லிய துணியாக இருக்கட்டும். காதுப்பக்கம் மடிப்போ ஊசியோ இருந்தால் இடைவெளி விழுந்து என்ஜின் சத்தம் உள்ளே வரும், வலியும் எடுக்கும். தாடிக்காரத் தம்பிமாருக்கும் இதே கதை, ஒட்சிசன் முகமூடி சரியாகப் பொருந்தாது. அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்குக் கீழே ஒட்சிசன் கட்டாயம் இல்லாததால், பயிற்சியில் அது பெரும்பாலும் தொல்லை தராது. வேலைக்குப் போகும்போது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள்.

வயலை விற்று அனுப்பலாமென்று இருக்கிறேன், சரிதானா? (ஒரு தந்தை, அக்கரைப்பற்று)

அவசரப்படாதீர்கள். முதலில் இங்கேயே முதலாம் வகுப்பு மருத்துவச் சோதனையைச் செய்யுங்கள். நிறக்குருடு பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது. பிறகு இரத்மலானையில் ஒரு அறிமுகப் பறப்பு. சில பிள்ளைகளுக்கு ஆசை அங்கேயே இறங்கிவிடும்.

பறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. பாதிப் படிப்பில் நின்றவர்களை எனக்குத் தெரியும். மாணவர் விசாவில் வெளியே வேலை செய்து சமாளிக்கலாம் என்ற கணக்கும் சரிவராது. திரும்பி வந்த பிறகும் உரிமத்தை நம் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் மாற்ற வேண்டும், அதற்கும் காசு வேண்டும்.

மருத்துவச் சோதனை முடிவு கையில் வரட்டும். அதுவரை இந்தப் போகத்தை விதைத்துக்கொள்ளுங்கள்.