கேளுங்கள்: தண்ணீர் சுற்றும் திருகை

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், ஓடைக்கரையில் நிற்கும் பழைய ஆலை ஒன்றின் படம் அனுப்பினாள். ‘கார்ன் மில்’ என்று பலகை இருக்கிறது. மக்காச்சோளமா அரைத்தார்கள்? தண்ணீர் எப்படி மாவு அரைக்கும்? நம் பக்கம் ஏன் இப்படி ஒன்று இல்லை?
– வாசகி, பாகூர்

பதில்: மக்காச்சோளம் இல்லை அம்மா. அந்த ஊர்ப் பழைய வழக்கில் ‘கார்ன்’ என்றால் பொதுவாகத் தானியம். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் அதில் வரும். 1086-ல் அந்நாட்டு அரசர் எடுத்த நிலக் கணக்கிலேயே 5,000-க்கு மேல் ஆலைகள் இருக்கின்றன. காற்றாலை அங்கே வருவதற்கு முந்தைய காலம் அது.

நான் 28 வருஷம் ரைஸ்மில்லில் பிட்டராக இருந்தவன். எனக்கு அந்த ஆலை, எங்கள் ஆயா கேழ்வரகு அரைத்த திருகையாகத்தான் தெரிகிறது. கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் தானியம் விழும், ஓரத்தில் மாவு வரும். கை சுற்றிய இடத்தில் தண்ணீர் சுற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் மேல்கல் மட்டும் ஒரு டன் வரை இருக்கும். நம் தெருவில் அம்மி கொத்த வருவார்களே, அதுபோல அந்தக் கல்லையும் அடிக்கடி கொத்த வேண்டும். நடுவிலிருந்து ஓரம் வரை சாய்வாக வாய்க்கால் மாதிரிக் கோடுகள். இரண்டு கல்லின் கோடுகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று கடக்கும்போது தானியம் வெட்டுப்படும். கல்லோடு கல் உரசக் கூடாது. தானியம் தீர்ந்து உரசினால் பொறி பறக்கும், மாவுத்தூசியில் தீப்பிடிக்கும். அதனால் தானியம் குறைந்ததும் அடிக்கிற மாதிரி ஒரு மணி கட்டி வைத்தார்கள்.

வெளியே சக்கரம் நிமிஷத்துக்குப் பத்துச் சுற்றுதான் சுற்றும். பல்சக்கரங்கள் அதைக் கல்லில் நூறுக்கு மேல் ஆக்கிவிடும். இரும்புச் சக்கரத்துக்கு எதிரே ஆப்பிள் மரப் பற்கள் வைப்பார்கள். சத்தம் குறையும், ஏதாவது சிக்கினால் ஒரு மரப்பல்தான் போகும். அந்தப் பல்லைச் செதுக்கி மாட்டிய கைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

கட்டடமும் தானியம் இறங்குகிற வழிக்காகவே எழுப்பியது. மேல்தளத்தில் மூட்டை, நடுத்தளத்தில் கல், கீழே மாவு. கல்லையும் பல்சக்கரத்தையும் தாங்கும் கனமான மரச்சட்டம் சுவரோடு சேராமல் தனியாக நிற்கும். அதிர்வு சுவரை உலுக்காது.

சரி, நமக்கு ஏன் இல்லை? மேலிருந்து விழும் தண்ணீர், அடியில் உரசி ஓடும் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று 1759-ல் ஜான் ஸ்மீட்டன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் அளந்து காட்டினார். நம் கடலோரம் சமதரை, தண்ணீர் விழ இடமில்லை. கெடிலம் ஆற்றில் மழைக்காலம் போனால் மணல்தான். அதோடு நமக்குச் சோறு முழு அரிசியாக வேண்டும். நெல்லுக்கு உரலும் உலக்கையும் போதும். இமயமலைப் பக்கம் சரிவும் ஓடையும் இருப்பதால் ‘கராட்’ என்ற நீராலைகள் இருக்கின்றன.

மகள் மறுபடி போனால், கூரைக்குக் கீழே வெளியே நீட்டிய சின்ன மர அறை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல ஆலைகளில் மூட்டையை மேலே தூக்கும் சங்கிலி அதிலிருந்துதான் இறங்கும். அந்தச் சங்கிலியை இழுப்பதும் அதே சக்கரம்தான்.