ஜாங்கோவில் இரண்டு கவுண்ட்டும் 12 என வருவது ஏன்?

ஜாங்கோவில் (பைத்தான் வலைக் கட்டமைப்பு) ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களையும் புகார்களையும் ஒன்றாக எண்ணும்போது, இரண்டு கவுண்ட்டிலும் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எண்ணச் சொல்வது) மதிப்பை ட்ரூ என்று கொடுங்கள். 3 ஆர்டரும் 4 புகாரும் உள்ள வாடிக்கையாளருக்கு இரண்டுமே 12 என வருவது நின்றுவிடும்.

ஒரே அனோட்டேட்டில் (ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் அழைப்பு) இரண்டு உறவுகளைத் தொட்டால் ஜாங்கோ இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்கிறது, அதாவது இணைக்கிறது. ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு புகாருடனும் சேர்ந்து 3 × 4 வரிசைகள். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் எரிச்சல். சந்தேகமிருந்தால் குவெரிசெட்டின் 'குவெரி' பண்பை அச்சிட்டு, எத்தனை ஜாயின் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஆனால் ஆர்டர் தொகையைக் கூட்ட சம் பயன்படுத்தும்போது டிஸ்டிங்க்டை நம்பாதீர்கள். தலா 500 ரூபாய்க்கு இரண்டு ஆர்டர் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடும். அங்கே சப்குவெரிதான் (குவெரிக்குள் இன்னொரு குவெரி) வழி:

1. ஆர்டர்களை அவுட்டர்ரெஃப் (வெளிக் குவெரியின் புலத்தைச் சுட்டுவது) மூலம் வாடிக்கையாளரோடு பொருத்தி வடிகட்டுங்கள்.
2. வேல்யூஸில் (எந்தப் புலங்கள் வேண்டும் என்று சொல்லும் அழைப்பு) வாடிக்கையாளர் புலத்தை மட்டும் வைத்து, பிறகு சம்மை அனோட்டேட் செய்யுங்கள்.
3. கடைசியில் இன்னொரு வேல்யூஸில் அந்தத் தொகையை மட்டும் எடுங்கள். இரண்டு நெடுவரிசை போனால் தரவுத்தளம் மறுத்துவிடும்.

ஆர்டரே இல்லாதவருக்கு நல் (வெற்று மதிப்பு) வரும். அதற்கு மாற்று மதிப்பு தரும் கோயலெஸ் சேர்த்து 0 ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜாங்கோ 3.1-க்கு முந்தையதா? மாடலின் மெட்டாவில் ஆர்டரிங் (இயல்பான வரிசைமுறை) இருந்தால் அது சப்குவெரியின் குரூப் பையில் (வரிசைகளைக் குழுவாக்கும் பகுதி) நுழைந்து பல வரிசைகளைத் தரும். வெறும் ஆர்டர்_பை அழைப்பால் அதை நீக்குங்கள்.