ஏற்காட்டு மாடல் ரயிலுக்கு எந்த டெண்டர் சரி?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். 6-க்கு 4 அடி பிளைவுட்டில், சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு கற்பனை ரயில் பாதையை ஹெச்.ஓ. அளவில் (1:87) அமைத்து வருகிறேன். வளைவுகளின் ஆரம் 15 அங்குலம். நீராவி இன்ஜினுக்கு நானே பித்தளைத் தகட்டில் செய்த ஆறு சக்கர டெண்டர் (தண்ணீரும் கரியும் சுமந்து இன்ஜினோடு வரும் வண்டி), பின்னோக்கி ஓடும்போது தடம் புரள்கிறது. வேறு எதைச் செய்யலாம்? அடியில் தனியாகத் திரும்பும் இரண்டு சின்னச் சக்கரச் சட்டங்கள் (போகி) வைத்த எட்டு சக்கர போகி டெண்டரா, உருளைத் தொட்டி வைத்த வாண்டர்பில்ட் டெண்டரா?

பதில்: போகி டெண்டரைச் செய்யுங்கள். தொட்டி செவ்வகமாக இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் சரிவாக.

டெண்டர் என்றாலே நம் கண் தொட்டியின் வடிவத்துக்குத்தான் போகிறது. ஆனால் அது ஒழுங்காக ஓடுவதும் புரள்வதும் அடியில் இருக்கும் சக்கரங்களால்தான். பிரிட்டனில் பழைய ஆறு சக்கர டெண்டர்களில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 13 அடி இடைவெளி வைப்பது வழக்கம். உங்கள் அளவில் அது 45.5 மி.மீ. 15 அங்குல வளைவில் அது நிற்கும்போது நடு அச்சு சுமார் 0.7 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். அந்த அசைவுக்கு நீங்கள் இடம் விடவில்லை என்றால் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். முன்னோக்கி ஓடும்போது இன்ஜின் இழுப்பதால் டெண்டர் எப்படியோ சமாளிக்கும். பின்னோக்கி ஓடும்போது இன்ஜின் அதைத் தள்ளுகிறது; அப்போதுதான் குறை வெளியே வரும். பழைய டெண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். நடு அச்சுக்கு இருபுறமும் 0.7 மி.மீ. இடமும் மேலும் கீழும் கொஞ்சம் அசைவும் கொடுத்துப் பாருங்கள்.

போகி டெண்டரில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு போகியிலும் இரண்டே அச்சு, அதுவும் நெருக்கமாக. நம் ரயில்வேயில் 1947-இல் வந்த அகலப்பாதை டபிள்யூ.பி. இன்ஜின், 1949-இல் வந்த மீட்டர் கேஜ் ஒய்.பி. இன்ஜின் இரண்டுக்குமே எட்டு சக்கர போகி டெண்டர்தான். அகலப்பாதையும் விருத்தாசலம் மீட்டர் கேஜும் சந்தித்த ஊர் சேலம் என்பதால், பார்வைக்கும் அதுவே பொருத்தம்.

போகியைப் பொருத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டையும் எல்லாப் பக்கமும் ஆடவிட்டால் டெண்டர் தள்ளாடும். இரண்டையும் இறுக்கினால் பாதையில் சின்ன மேடு வந்தாலே ஒரு சக்கரம் தூக்கும். இரண்டும் வளைவுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல், ஒன்று எல்லாப் பக்கமும் சாயட்டும், மற்றொன்று முன்பின்னாக மட்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போல டெண்டர் நிற்கும்.

பின்பக்கச் சரிவு அமெரிக்க யார்டு இன்ஜின்களில் வந்த ஏற்பாடு. டிரைவர் பின்னால் பார்க்க வேண்டுமே! ஏற்காட்டு உச்சியில் இன்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள் வைக்க உங்களுக்கு இடம் இருக்காது. டெண்டர் முன்னால் வர இறங்கும் ரயிலுக்கு அந்தச் சரிவு காரணத்தோடு அமையும்.

வாண்டர்பில்ட் டெண்டர் மூன்றாம் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் 1901-இல் காப்புரிமை பெற்ற வடிவம். உருளைத் தொட்டிக்கு உள்ளே தாங்கு கம்பிகள் குறைவாகப் போதும், தகடும் மிச்சம். சதர்ன் பசிபிக், கனடியன் நேஷனல் ரயில்வேக்கள் அதை நிறைய ஓட்டின. அழகுதான். ஆனால் உருளையும் கரிப்பெட்டியும் சேரும் வளைந்த விளிம்பைத் துல்லியமாக வெட்டுவது முதல் முயற்சிக்கு உகந்த வேலை இல்லை. அடுத்த டெண்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வெங்காரம் போட்டுப் பற்றவைப்பதைப் பார்த்து அதே வழியில் இறங்கிவிடாதீர்கள். வெள்ளிப் பற்றாசுப் பொடி உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், 0.4 மி.மீ. பித்தளைத் தகடு நெளிந்துவிடும். சாதாரண ஈயப் பற்று சுமார் 183 டிகிரியிலேயே உருகும். அது போதும்.

எடைக்கு, அடிப்படை 28 கிராம், அப்புறம் அங்குலத்துக்கு 14 கிராம் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரை. 10 செ.மீ. டெண்டருக்கு சுமார் 85 கிராம். எடையைத் தரையோடு ஒட்டி, இரு போகிகளுக்கும் பகிர்ந்து வையுங்கள். 30-க்கு 1 ஏற்றத்தில் இது மட்டும் சுமார் 3 கிராம் இழுவையைத் தின்னும். நீலகிரி எக்ஸ், டார்ஜிலிங் பி ரக இன்ஜின்கள் தண்ணீரையும் எரிபொருளையும் தாங்களே சுமந்து, டெண்டர் இல்லாமல் ஏறுவதற்கு இந்தச் செத்த எடையும் ஒரு காரணம். உங்கள் இன்ஜின் மலையில் திணறினால், டெண்டர் இன்ஜினை ஜங்ஷனிலேயே நிறுத்திவிட்டு மலைக்கு ஒரு டேங்க் இன்ஜின் போடுங்கள்.

தொட்டியைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் வெறும் அடிச்சட்டம், போகிகள், எடை. இன்ஜினிலிருந்து வரும் மின்கம்பிகள் நூல் போலத் துவள வேண்டும். விறைப்பான கம்பியே டெண்டரைத் தூக்கிவிடும். பிறகு அதைப் பின்னோக்கி எல்லா வளைவிலும் இருபது முறை ஓட்டுங்கள். ஒரு முறைகூடப் புரளவில்லை என்றால் தகட்டை வெட்டத் தொடங்கலாம்.