வாசகர் கேள்வி – பதில்: குழலை மாற்றுமுன் திருகாணியைப் பாருங்கள்

சென்ற இதழில் பென்சில்வேனியாவின் மான் வேட்டைப் பருவத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, வேட்டைக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குவது பற்றியும் வாங்கியதைச் செம்மைப்படுத்துவது பற்றியும் வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும், குண்டு பாயும் குழலின் பின்வாயை மூடும் எஃகு உருளையான போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னிழுத்து, முன் தள்ளி, அமர்த்திச் சுடவேண்டிய துப்பாக்கியே இது. நான் கடைக்காரனும் அல்லன், துப்பாக்கி செப்பனிடும் தொழிலாளியும் அல்லன். ஆகவே என் அனுபவத்தோடு, சுடுதளத்தில் எனக்குப் பழக்கமான உரிமையாளர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகவிருக்கிறேன். டிக்கா டி3எக்ஸ், சேவேஜ் 110, ரூகர் அமெரிக்கன் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்? கடையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். — வாசகர், பிட்ஸ்பர்க்

உங்கள் மாநிலமான பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குத் தானியங்கி முறையில் தோட்டா ஏறும் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை என்பதால், போல்ட் ஆக்‌ஷனைத் தேர்ந்தது சரியே. இந்த மூன்றும் நூறு கெஜ தூரத்தில் ஒரு மானின் நெஞ்சுப் பகுதியைத் தவறவிடாத துப்பாக்கிகள்தாம். வேறுபாடு வேறு இடங்களில் இருக்கிறது.

பின்லாந்தில் சாக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலையில் தயாராகும் டிக்காவைப் பற்றிக் கேட்டால், உரிமையாளர்கள் முதலில் பேசுவது குறி தவறாமையைப் பற்றி அன்று, போல்ட் வழுக்கிக்கொண்டு போகும் சுகத்தைப் பற்றித்தான். குறைகளும் சொல்கிறார்கள்: தோட்டாக்களை அடுக்கும் கூடு (மேகசின்) பிளாஸ்டிக், உபரியாக ஒன்று வாங்கப்போனால் விலை கண்ணைக் கட்டும்; .308 போன்ற குட்டைத் தோட்டாவுக்கும் நீளமான தோட்டாவுக்கும் போல்ட் ஓடும் எஃகு உடலாகிய ஒரே நீள ஆக்‌ஷனைத்தான் தருகிறார்கள் என்பது இன்னொரு குறை. பழைய டி3 வகையில், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதைப்பைத் தாங்கும் துண்டு அலுமினியத்தால் ஆனது, டி3எக்ஸ் வந்தபோது அதை எஃகாக மாற்றினார்கள். பழையதை வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சேவேஜ் 110 என்பது 1958இல் வந்த வடிவம். அழகு என்று யாரும் அதைப் பாராட்டி நான் கேட்டதில்லை, போல்ட்டும் தொடக்கத்தில் சற்றுக் கரகரக்கும். ஆனால் குழலை ஒரு மரை (நட்) கொண்டு இறுக்கிப் பொருத்தியிருப்பதால், பின்னாளில் குழல் மாற்ற வேண்டுமானால் செலவு குறையும். டிரிகரின் இறுக்கத்தை உரிமையாளரே பாதுகாப்பான எல்லைக்குள் கூட்டிக் குறைக்கும் அக்யூடிரிகர் என்ற அமைப்பும் அதில் உண்டு. ரூகர் அமெரிக்கன் மூன்றிலும் விலை குறைவு. தோளில் அணைத்துப் பிடிக்கும் அதன் பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே வளைகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் அதே உரிமையாளர்கள், துளைகள் நெருங்கி விழுந்த இலக்குத் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டுகிறார்கள்.

என் தேர்வு டிக்கா. எனினும் விலையின் வேறுபாடு உங்களுக்குப் பெரிதாகப் பட்டால் ரூகரை வாங்கி, மிச்சப் பணத்தை, குறிபார்க்கும் தொலைநோக்கியான நல்ல ஸ்கோப்பிலும் பயிற்சித் தோட்டாவிலும் போடுங்கள். தோட்டா வகையைப் பொறுத்தவரை 1906இல் பிறந்த .30-06, 1925இன் .270, 1952இன் .308, நம் காலத்தின் 6.5 கிரீட்மூர் ஆகிய எதுவும் வெண்வால் மானுக்குப் போதும். உங்கள் ஊர்க் கடையில் பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரமும் கையிருப்பில் இருப்பது எதுவோ அதை எடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கட்டையின் தோளில் படும் அடியிலிருந்து டிரிகர் வரையுள்ள நீளம் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியே இருக்கும், அது நெடிய அமெரிக்கத் தோளுக்கு அளந்தது. நம்மவர்களில் பலருக்கு அது நீளம். தடித்த குளிர்ச்சட்டை அணிந்துகொண்டு கடைக்குப் போய், கண்ணை மூடித் தோளில் அணைத்து, பிறகு கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டினால்தான் தெரிகிறது என்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகாது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வாங்கலாமா? நண்பர்கள் வாங்கவே முடியாது என்கிறார்கள். — வாசகர், ஹூஸ்டன்

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பதே கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றுள் ஒன்று. பசுமை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடையே இல்லை. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டையாடுவதற்கு வேட்டைக் கல்விப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பதால், உங்கள் வரிசை முதலில் பயிற்சி, பிறகு உரிமம், அதன் பிறகே கடை என்றிருக்கட்டும். உரிமம் காலாவதியான மறுநாள் முதல் விலக்கும் இல்லை, துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கும். அந்த நிலை குற்றவழக்கில் முடியலாம், விசாவையும் பறிக்கலாம். கடைக்காரர் சொல்வதை நம்பாமல், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்முடைய பழைய ரெமிங்டன் 700ஐக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். டிரிகரைத் தொடாமலே வெடிக்கும் என்று படித்தேன். வாங்கலாமா? — வாசகி, டென்வர்

ரெமிங்டன் 700 வந்தது 1962இல். அமெரிக்காவில் மிகுதியாக விற்ற போல்ட் ஆக்‌ஷன்களில் ஒன்று அது என்பதும், நீங்கள் படித்த குற்றச்சாட்டு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது என்பதும் இரண்டுமே உண்மை. வாக்கர் டிரிகர் என்று அழைக்கப்படும் பழைய அமைப்பில், டிரிகருக்கும் அது தாங்கிப் பிடிக்கும் உறுப்புக்கும் நடுவே, எதனோடும் பிணைக்கப்படாத சிறு தகடு ஒன்று இருக்கிறது. அழுக்கோ, காய்ந்த எண்ணெயோ, துருவோ சேர்ந்து அந்தத் தகடு தன் இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிட்டால், பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்கும்போதோ போல்ட்டைத் தொடும்போதோ துப்பாக்கி வெடிக்கலாம் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளாமலே, டிரிகரை மாற்றித் தரும் உடன்பாட்டுக்கு வந்தது. பின்னர் வந்த எக்ஸ்-மார்க் புரோ டிரிகரிலும் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரானவற்றை 2014இல் அந்நிறுவனமே திரும்பப் பெற்றது.

இன்னொன்று, 1982க்கு முன் செய்தவற்றில் பாதுகாப்புப் பொத்தான் போட்டிருக்கும்போது போல்ட் திறக்காது. உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் பாதுகாப்பை விடுவித்தே ஆகவேண்டும். கெடுதல் நேரக்கூடிய கணமும் அதுவே.

வாங்கலாம் என்பதே என் பதில், ஆனால் புதிய டிரிகரின் விலையையும், அதைப் பொருத்தத் தேர்ந்த தொழிலாளிக்கான கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள். பழைய டிரிகரோடு ஒரு தோட்டாவைக்கூட ஏற்றவேண்டாம். மற்றபடி குழலின் வாய் விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே துரு தின்ற குழிகள் உண்டா என்று பாருங்கள். கட்டையில் உள்ள கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம், அவை பெரியவரின் வேட்டைக் கதைகள்.

கேள்வி: என் .30-06 நூறு கெஜத்தில் மூன்றங்குலத்துக்குச் சிதறுகிறது. குழலை மாற்றிவிடலாமா, கட்டையை மாற்றலாமா? — வாசகர், ராலே

குழலைத் தொடாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ரைஃபிள் இதே போலச் சிதறியபோது, ஒரு செப்பனிடும் கடையில் குழல் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, புதுக் குழலுக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். குழல் வருவதற்காகக் காத்திருந்த நாளில், சுடுதளத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஸ்கோப்பைக் கையால் பிடித்து இலேசாகத் திருகிப் பார்த்தார், அது ஆடியது. ஸ்கோப்பின் அடித்தளத்தைப் பிடித்திருந்த முன் திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கியபின் அதே குழல் ஓரங்குலத்துக்குச் சற்று மேலான வட்டத்தில் சுட்டது. முன்பணம் திரும்பவில்லை.

ஆகவே முதல் வேலை திருகாணிகள். ஸ்கோப்பின் வளையங்கள், அடித்தளம், கட்டையையும் ஆக்‌ஷனையும் பிணைக்கும் அடிப்பக்கத் திருகாணிகள் எல்லாவற்றையும், கைப்பழக்கத்தை நம்பாமல் இறுக்கத்தை அளந்து காட்டும் திருப்புளியால், உற்பத்தியாளரின் கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் உடலே நசுங்கும்.

அடுத்தது தோட்டா. ஒரே குழல் ஒரு நிறுவனத்தின் தோட்டாவை மூன்றங்குலத்திலும் வேறொன்றை ஓரங்குலத்திலும் சுடுவது அன்றாடக் காட்சி. வெவ்வேறு எடையுள்ள மூன்று, நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெல்லியது, விரைவில் சூடாகும். சூடானால் குண்டுகள் மெல்ல ஒரு பக்கம் நகரத் தொடங்கும். மூன்று சுட்டபின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். மூன்று துளைகள் நெருங்கி விழுந்த ஒரு தாளை வைத்து முடிவெடுப்பதும் பிழை, அது தற்செயலாகவும் நேரும். வெவ்வேறு நாள்களில் சுட்ட பத்து துளைகளை ஒன்றாகப் பாருங்கள். மனம் சற்று வருந்தும், ஆனால் கணக்கு அதுதான்.

மூன்றாவது, குழலுக்கும் கட்டைக்கும் இடையிலான இடைவெளி. ஒரு டாலர் தாளைக் குழலின் அடியில் நுழைத்து, ஆக்‌ஷனை நோக்கித் தடையின்றி இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். இடையில் சிக்கினால் கட்டை குழலைத் தொடுகிறது. மரக்கட்டை மழைக்காலத்தில் ஊதிப் பருத்துத் தொடும்; மலிவான பிளாஸ்டிக் கட்டை முக்காலியில் வைத்து அழுத்தும்போது வளைந்து தொடும். தொடும் இடத்தைத் தேய்த்து இடைவெளி விடுவது எளிய வேலை. ஆனால் சில ரைஃபிள்களில் கட்டையின் முனையில் ஓர் அழுத்தப் புள்ளியைத் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று வைத்திருப்பார்கள், அதைத் தேய்க்குமுன் சுட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பெடிங் செய்யலாம். ஆக்‌ஷன் அமரும் குழியில், இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசினை இட்டு, எஃகின் வடிவத்துக்கே அச்சாகப் பொருந்தச் செய்வார்கள். உதைப்பின்போது ஆக்‌ஷன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திரும்ப அமர்வதற்கே இந்த ஏற்பாடு. பிசின் ஒட்டாதிருக்கத் தடவும் மெழுகைத் தடவ மறந்து, கட்டையையும் ஆக்‌ஷனையும் ஒரே உடலாக்கிவிட்ட நண்பர் ஒருவர் எனக்குண்டு. முதன்முறை தேர்ந்தவரிடம் கொடுங்கள். குழல் மாற்றுவது இந்தப் பட்டியலின் கடைசியில்தான் வரும், பெரும்பாலானோர் அங்கே வந்து சேர்வதே இல்லை.

கேள்வி: உதைப்பு தாங்கவில்லை. குழல்வாயில் மசில் பிரேக் பொருத்தலாமா? — வாசகர், மினியாபொலிஸ்

உதைப்பு குறையும், உண்மை. ஆனால் வெடியின் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் ஓசை உங்கள் காதுக்கும் பக்கத்தில் இருப்பவர் காதுக்கும் வந்து சேரும். செவிக்காப்பு இல்லாமல் காட்டில் ஒரே ஒரு முறை சுட்டாலும் கேள்வித்திறன் பாதிக்கப்படலாம். முதலில் கட்டையின் அடியில் மென்மையான ரப்பர்த் திண்டு போட்டுப் பாருங்கள். ஏழு பவுண்டுக்கும் குறைந்த எடையுள்ள மலைத் துப்பாக்கியில் வெடிமருந்து மிகுந்த பெரிய மேக்னம் தோட்டா வைத்திருப்பவர் நீங்கள் என்று உங்கள் கடிதத்தின் பிற்பகுதி சொல்கிறது. மினசோட்டா மானுக்கு மேக்னம் எதற்கு? .243க்கோ 6.5 கிரீட்மூருக்கோ மாறிக்கொள்ளுங்கள், தோளும் பிழைக்கும், குறியும் நேராகும்.

கேள்வி: தாத்தாவின் .315 ரைஃபிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஸ்கோப் பொருத்திப் பன்றிகளைச் சுடலாமா? — வாசகர், திருச்சி மாவட்டம்

கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்பது உரிமையாக இல்லை. பயிரைத் தின்னும் பன்றியானாலும் அரசின் முறையான ஆணையின்றிக் கை வைத்தால் குற்றமே. வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். உங்களிடம் இருப்பது இஷாப்பூர் தொழிற்சாலை செய்த விளையாட்டு ரைஃபிளாக இருக்கலாம். லீ-என்ஃபீல்டு ஆக்‌ஷனில், படைத் தோட்டாவான .303க்கு மாறாக எட்டு மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குச் செய்தது அது. ஸ்கோப்பைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: தாத்தா மறைந்தபின் உரிமம் யார் பெயருக்கு மாற்றப்பட்டது? மாற்றவில்லை என்றால் இன்றே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பியுங்கள். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையினரே வீட்டுக்கு வருவார்கள், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு போல்ட் ஆக்‌ஷன் இருக்கும்போது இரண்டாவது தேவையா? என் மனைவி கேட்கிறார். — வாசகர், சின்சினாட்டி

ஒன்றுக்கு மட்டும் நியாயம் சொல்லலாம்: தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் சிறிய .22 ரிம்ஃபயர் வகை போல்ட் ஆக்‌ஷன். தோட்டாவின் விலை மிகக் குறைவு, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், ஐம்பது கெஜத்தில் டிரிகர் அழுத்தும் பழக்கத்தை மாதம் முழுவதும் வளர்க்கலாம். மூன்றாவதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் வராதீர்கள். என் வீட்டில் நான்கு இருக்கின்றன, அந்தக் கேள்வியை நான் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.