பென்சிலுக்கு முன்னால் பொட்டு அட்டை

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோடு. மகனுக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி. போகிறான். கிரேயானைக் கை முழுவதும் சுருட்டிப் பிடிக்கிறான். எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறான். விரலில் பலம் இல்லை என்கிறார் டீச்சர். நரம்புத் தளர்ச்சியாக இருக்குமோ? சத்து டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் எதுவும் வேண்டாம். இந்த வயதில் பல பிள்ளைகள் கிரேயானை அப்படித்தான் பிடிப்பார்கள். பிறக்கும்போது மணிக்கட்டில் இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்புதான். அங்குள்ள 8 எலும்புகளும் ஒவ்வொன்றாக உருவாகி முடிய ஏறக்குறைய பத்து வயது ஆகிவிடும். மூன்று விரலால் பென்சில் பிடிப்பது 4 முதல் 6 வயதுக்குள் மெல்லப் படியும். கை வலிக்கிறது என்று அவன் சொன்னால் நம்புங்கள், சாக்கு என்று நினைத்துத் திட்டாதீர்கள். மூன்றரை வயதில் நோட்டு நிறைய எழுத வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டீச்சரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது அவனுக்கு வேண்டியது விரல் நுனிக்கு வேலை. வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருக்கும் அல்லவா? அதை எடுங்கள். ஒரு கை அட்டையைப் பிடித்திருக்க, இன்னொரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொட்டின் ஓரத்தை நெம்பி உரிக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன. பிறகு சட்டைப் பொத்தான் போடவும் கத்தரியால் காகிதம் வெட்டவும் இதே பழக்கம்தான் தேவை. அதனால் நீங்கள் உரித்துக் கொடுத்து அவன் ஒட்டினால் பாதிப் பயிற்சி வீணாகிவிடும். அவன் திணறினால் அட்டையை லேசாக வளைத்துக் காட்டுங்கள், ஓரம் தூக்கிக்கொள்ளும். முதலில் பெரிய பொட்டு, அப்புறம் சின்னது.

எதில் ஒட்டுவது? பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பச்சையில் ஒரு செடி வரையுங்கள், சிவப்புப் பொட்டெல்லாம் தக்காளி. உங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தக்காளிச் செடியை விளக்கவே வேண்டாம். இன்னொரு நாள் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை கோலப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியின் மேலும் சரியாக ஒட்டச் சொல்லுங்கள். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய இது மிக நல்ல பயிற்சி. தாளைச் சுவரில் அவன் கண் உயரத்துக்கு மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. நின்று ஒட்டும்போது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து நிற்கும், எழுதும்போதும் மணிக்கட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். சலித்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கல் வைத்த பொட்டு வேண்டாம், கல் உதிர்ந்து வாய்க்கோ மூக்குக்கோ போகும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் முடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்தது, காகிதத்தில் மட்டும் ஒட்டட்டும். சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பையும் வெள்ளைத் திட்டையும் உண்டாக்கும்.

ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை மடக்கியே வைத்திருந்தாலோ, கை நடுங்கினாலோ, முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, அடிக்கடி தடுக்கி விழுந்தாலோ காத்திருக்க வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். போகும்போது அவன் ஒட்டிய தாள்கள் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டு போங்கள். அவன் விரல் எப்படி வேலை செய்கிறது என்று மருத்துவருக்குப் பார்த்ததுமே கொஞ்சம் புரியும்.